மூன்று நாடுகளைக் கடக்கும் மலையோட்டத்துக்கு எத்தனை விசா?

கேள்வி: ஆகஸ்ட் இறுதியில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி நடைபெறும் யூடிஎம்பி ஓட்டங்களில், 100 கிலோமீட்டர் சிசிசி ஓட்டத்துக்குக் குலுக்கலில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாதை இத்தாலியில் தொடங்கி, சுவிட்சர்லாந்து வழியாகச் சென்று பிரான்சில் முடிகிறது. மூன்று நாட்டு விசாவும் தனித்தனியே எடுக்க வேண்டும் என்றும், காப்பீடு, ஓட்டல் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகவும் ஒரு டிராவல்ஸ் ஏஜென்ட் சொல்கிறார். அவரை நம்பலாமா? (கோவை வாசகர்)

பதில்: மூன்று விசா என்று சொல்பவருக்கு விசாவைப் பற்றித் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதைக் காட்டித்தான் பலரையும் குழப்புகிறார்கள்; ஆனால் அது ஷெங்கன் உடன்பாட்டில் இருக்கிறது. இத்தாலியின் கூர்மாயேரில் புறப்பட்டு, 2,537 மீட்டர் உயரத்திலுள்ள கிராண்ட் கோல் ஃபெரே கணவாயில் சுவிஸ் எல்லையைத் தாண்டி, ஷாம்பே ஏரி, திரியான் வழியாக நீங்கள் பிரான்சின் ஷாமொனிக்கு ஓடி வருவதெல்லாம் விசா கணக்கில் ஒரே நுழைவுதான். ஓட்டம் முடிந்து லண்டனுக்குப் போய்விட்டு மறுபடி பாரிஸ் திரும்பும் திட்டம் இருந்தால் மட்டும், இரு முறை நுழையும் விசாவைக் கேளுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். விமானம் இறங்கும் நாட்டையோ ஓட்டம் தொடங்கும் நாட்டையோ பார்க்காமல், இரவுகளை எண்ணுங்கள். ஜெனீவாவில் இறங்கி, ஷாமொனியில் ஆறு இரவுகள் தங்கி, ஓட்டத்தன்று காலை பேருந்தில் சுரங்கப்பாதை வழியாகக் கூர்மாயேருக்குப் போவீர்களானால், பிரான்சிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாறாக, ஷாமொனியில் அறை வாடகை எகிறிவிட்டது என்று கூர்மாயேரிலேயே நான்கு இரவுகள் தங்கி, ஷாமொனியில் இரண்டு இரவுகள் மட்டுமே இருப்பீர்களானால், முடிவுக்கோடு பிரான்சில் இருந்தாலும் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான் போக வேண்டும். இரண்டிலும் சமமான இரவுகள் என்றால், முதலில் நுழையும் நாட்டுக்கு. சமநிலையில் மட்டுமே இந்த முதல் நுழைவு விதி செல்லும். இதைத்தான் ஏஜென்ட்டுகள் தலைகீழாக்கி, ‘ஜெனீவாவில் இறங்குகிறீர்கள், சுவிஸ் விசா சுலபம்’ என்று வலை விரிக்கிறார்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குலுக்கல் முடிவு ஜனவரியில் வந்துவிடுவதால், பிப்ரவரி இறுதியிலேயே உங்களுக்கு வாசல் திறந்துவிடுகிறது. முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி. அதை 45 நாள் வரை நீட்டிக்கவும் அதே விதி இடம் தருகிறது. கோடையில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. ஓர் ஆண்டு உழைத்துத் தகுதி பெற்ற ஓட்டக்காரர், காலியிடம் தேடி நள்ளிரவில் திரையை வெறித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையை இத்தனை காலமாகியும் யாரும் சரிசெய்யவில்லை என்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. இந்தத் தவிப்பில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அவர்கள் தரும் ‘டம்மி புக்கிங்’கை, அதாவது விசாவுக்காக மட்டும் காட்டும் போலி ஓட்டல் முன்பதிவை, தயவுசெய்து தொடாதீர்கள். விசா அதிகாரி ஓட்டலுக்குத் தொலைபேசியில் பேசி, அப்படி ஒரு பதிவே இல்லை என்று தெரிந்தால், பொய் சொன்னவர் ஏஜென்ட் அல்ல, படிவத்தில் கையெழுத்திட்ட நீங்கள். அந்த மறுப்பு, ஷெங்கன் நாடுகள் எல்லாம் பார்க்கும் பொதுப்பதிவில் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய உண்மையான முன்பதிவைச் செய்து, ஓட்டப் பதிவின் உறுதிக் கடிதத்தையும் இணைத்து, எதற்காகப் போகிறீர்கள் என்பதை முகப்புக் கடிதத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது காப்பீடு. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், ஏஜென்ட் மலிவான ஒன்றை எடுத்துக் கொடுப்பார், விசாவும் வந்துவிடும். அந்தக் காகிதம் உங்களை மலையிலிருந்து இறக்காது. இத்தகைய பாலிசிகள் பலவற்றில், போட்டி விளையாட்டும் சாகச விளையாட்டும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. பிரான்சில் மலை மீட்பு பொதுவாக இலவசம். சுவிட்சர்லாந்தில் அப்படியல்ல: கிராண்ட் கோல் ஃபெரே தாண்டி லா ஃபூலிக்கு இறங்கும்போது கணுக்கால் முறிந்து ஹெலிகாப்டர் வந்தால், சில ஆயிரம் ஃபிராங்குக்கான பில் உங்கள் பெயருக்கு வரும். ஆகவே, ‘மலைப்பாதை ஓட்டப் போட்டி, 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், தேடுதல், ஹெலிகாப்டர் மீட்பு ஆகியவை மூன்று நாடுகளிலும் அடங்குமா’ என்று காப்பீட்டு நிறுவனத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ‘கவர் ஆகும் சார்’ என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

சிம் கார்டையும் பார்த்துவிடுங்கள். மூன்று நாடுகளிலும் இயங்கும் கைபேசி இந்த ஓட்டத்தின் கட்டாயப் பொருள்களில் ஒன்று. ‘ஐரோப்பா முழுவதும்’ என்று விற்கும் சில திட்டங்களில் சுவிட்சர்லாந்து சேராது. நாடுகளின் பட்டியலைத் திறந்து அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அடையாள ஆவணமும் கட்டாயப் பொருள்தான் என்பதால், அசல் பாஸ்போர்ட்டை நீர் புகாத உறையில் இட்டு முதுகுப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.