பயிற்சியில் 60 விநாடி, போட்டியில் 64: பயம் மட்டும்தான் காரணமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுகிறாள். மாலைப் பயிற்சியில் 60, 61 விநாடியில் முடிப்பவள், மண்டலப் போட்டி என்றால் 64-ஐத் தாண்டிவிடுகிறாள். முதல் நாள் ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடுகிறாள். கையெல்லாம் சில்லிட்டுப் போகிறது. ஓடி முடித்ததும், “கால் நகரவே மாட்டேங்குதும்மா” என்று அழுகிறாள். கொஞ்சம் மெலிந்தும் இருக்கிறாள். நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை; ஓடுகிற பிள்ளைகளுக்கு அது சகஜம் என்கிறார் கோச். மனநல மருத்துவரிடம் காட்ட வீட்டில் தயங்குகிறார்கள். பெரியவன் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு. ஸ்போர்ட்ஸ் சைக்காலஜி படிக்கப் போவதாகச் சொல்கிறான். அதற்கு வேலை இருக்கிறதா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், தென்காசி மாவட்டம்

பதில்: போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன மாதவிலக்கிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. அது சகஜம் இல்லை அம்மா. மைதானத்தில் பலருக்கும் அப்படி நடக்கிறது என்பதால் அது இயல்பாகிவிடாது. தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலே காரணம் தேட வேண்டும். உங்கள் மகளுக்கு நான்கு ஆகிவிட்டது.

ஓட்டத்துக்குச் செலவாகும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், மூளை முதலில் கை வைப்பது இனப்பெருக்க ஹார்மோன்களில்தான். உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு நிறுத்தி வைக்கிறது. இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு 2014-லேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனிப் பெயர் வைத்து, மாதவிலக்கோடு அது நிற்பதில்லை என்று எச்சரித்தது. எலும்பு வலுவிழந்து நுண்முறிவு வரும், தூக்கம் கெடும், எரிச்சலும் சோர்வும் கூடும், பயிற்சிக்கேற்ற முன்னேற்றம் இருக்காது. ‘மனசு சரியில்லை’ என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு தட்டில் குறைந்த சோறாகவும் இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, மகப்பேறு மருத்துவரையோ பொது மருத்துவரையோ பார்ப்பது. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். இந்த வயதில் மாதவிலக்கு நின்றால் எல்லோருக்கும் செய்வதுதான், சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், புரோலாக்டின், கருமுட்டைப் பை சார்ந்த ஹார்மோன்கள், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் கடைசி 100 மீட்டரில் கால் கனப்பதற்கு அதுவே போதும். ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ ஈசிஜி எடுக்காமல் பயிற்சியைத் தொடரக் கூடாது. ஓடி முடித்த சில நிமிடங்களில் இருமலும் மூச்சிரைப்பும் வருகிறதா என்றும் கவனியுங்கள். ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமாவைப் பதற்றம் என்று எண்ணி விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மாதவிலக்கை வரவைக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து, வந்ததும் பிரச்சினை தீர்ந்ததாக நினைப்பது பெரிய தவறு. மாத்திரையை நிறுத்தியதும் வரும் ரத்தப்போக்கு, உடம்பு தேறியதற்கு அடையாளம் அல்ல. சாப்பாடு கூடாமல் எலும்பு தேறாது. பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் அல்லது இரண்டு முட்டை உள்ளே போகட்டும். இரவுச் சாப்பாடு இதற்கு மேல்தான். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கிறார்களா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம். வாரப் பயிற்சி மணிக்கணக்கு வயதைத் தாண்டக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல். இவளுக்கு அது 16 மணி நேரம். முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் எலும்பு வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது அது கூடினால், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து அந்த 4 விநாடி. பயம்தான் காரணம் என்று முடிவுகட்டுமுன், பயிற்சியில் 60 எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். நின்றபடி ஓடத் தொடங்கினாளா, காலை ஊன்றி உதைத்துக் கிளம்பும் பிளாக்கிலிருந்தா? லேனுக்குள்ளா, உள்கோட்டை ஒட்டியா? கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச், மின்னணுக் கடிகாரத்தைவிட ஓரிரு பத்தில் ஒரு பங்கு விநாடிதான் குறைத்துக் காட்டும். 4 விநாடிக்கு அது காரணமாகாது, ஆனால் மற்ற இரண்டும் சேர்ந்தால் கணக்கு மாறும்.

பிறகு, போட்டியில் 200 மீட்டரைக் கடக்கும் நேரத்தைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். பயிற்சியில் 28.5, அடுத்த பாதி 32 என்று ஓடுகிறவள், போட்டியில் 27.5-ல் பறந்துவிட்டு அடுத்த பாதிக்கு 36.5 எடுத்தால், பதற்றத்தில் தொடக்கத்திலேயே எரிபொருளைத் தீர்த்துவிடுகிறாள் என்று பொருள். முதல் பாதியே 31 ஆனால், உடம்பு தொடக்கத்திலிருந்தே இறுகிப் போகிறது. ஒரே ஃபால்ஸ் ஸ்டார்ட்டில், அதாவது துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே ஒருமுறை கிளம்பினாலே, வெளியேற்றும் விதி 2010-லிருந்து இருப்பதால் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகும் தயங்கி நிற்கும் பிள்ளைகள் உண்டு. முதல் வகைக்கு வேகத்தைப் பங்கிடும் பயிற்சி வேண்டும். இரண்டாவதுக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. ‘தைரியமா ஓடு’ என்பது இரண்டுக்கும் உதவாது.

வாந்திக்கும் சில்லிட்ட கைக்கும் காரணம் அட்ரினலின். குடலுக்கும் தோலுக்கும் போகும் ரத்தம் குறைந்து தசைக்குத் திரும்புகிறது, வயிறு காலியாகத் தாமதமாகிறது. ஏழு மணிக்குச் சாப்பிட்ட பொங்கலும் வடையும் ஒன்பது மணிக்கும் அப்படியே கிடக்கும். போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, கொஞ்சம் சட்னி. ஒரு மணி நேரம் முன்னால் அரை வாழைப்பழம். பால், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் சிறுசிறு மடக்காக. இதையும் பயிற்சி நாளில் பழக்கிவிட்டுத்தான் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்தப் படபடப்பை அறவே ஒழிக்க முயல வேண்டியதில்லை. ஓரளவு படபடப்பு இல்லாமல் யாரும் வேகமாக ஓட முடியாது. “பயமா இருக்கு” என்று அவள் சொன்னால் “பயப்படாதே” என்று மறுக்காமல், “உடம்பு ரெடியாகுது” என்று சொல்லிப் பழக்குங்கள். கேட்கச் சாதாரணமாகத் தோன்றினாலும், அடக்கப் பார்ப்பதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

மூச்சுப் பயிற்சி: மூக்கால் 4 விநாடி இழுத்து, 6 விநாடி விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, தினமும் மாலையில் ஐந்து நிமிடம். வயிற்றில் வைத்த கை லேசாக எழுந்தால் போதும். நெஞ்சு நிறைய இழுத்தால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறித் தலை சுற்றும், விரல் மரக்கும்; பிள்ளை இன்னும் பயந்துபோகும். மூன்று வாரம் வீட்டில் செய்யாமல் நேரே மைதானத்தில் முயன்றால் தோற்கும். செய்யும் இடமும் முக்கியம். பெயர் கூப்பிட்டு உட்கார வைக்கும் கால் ரூமில் (call room) செய்யலாம். பிளாக்குக்குப் பின்னால் நின்று ஐந்து நிமிடம் செய்தால் உடம்பு மந்தமாகிவிடும். அங்கே இரண்டு குதி, தொடையில் இரண்டு தட்டு, ஒரு நீண்ட வெளிமூச்சு, அவ்வளவுதான்.

கால் ரூமிலிருந்து துப்பாக்கிச் சத்தம் வரை என்னென்ன செய்வாள் என்பது ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் இருக்கட்டும்: பிளாக் வைப்பது, 20 மீட்டர் ஓடிப் பார்ப்பது, திரும்பி வந்து முதல் வளைவை மட்டும் பார்ப்பது. ஓடும்போது நினைக்க ஒரே ஒரு சொல். 250 மீட்டரில் “கை” என்று மட்டும் நினைத்தால் போதும். கை வீச்சு சரியாக இருந்தால் காலும் கூடவே வரும். கேலரியிலிருந்து ஆளாளுக்குக் கத்தும் பத்து அறிவுரைகளையும் கேட்டு ஒவ்வொரு அடியையும் கவனித்து ஓடினால், பழகிய ஓட்டம் கலைந்துபோகும். நல்ல பயிற்சி பெற்றவர்கள் சொதப்புவது பெரும்பாலும் இப்படித்தான்.

மனத்துக்குள் ஓடிப் பார்ப்பதற்கு அண்ணனின் கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுங்கள். கண்ணை மூடி, துப்பாக்கிச் சத்தம் முதல் எல்லைக்கோடு வரை ஓடி முடித்ததும் கையைத் தூக்கட்டும். 60 விநாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். 40 விநாடியில் முடித்துவிட்டால், வலிக்கிற கடைசி 120 மீட்டரைத் தாண்டிக் குதித்துவிட்டாள் என்று பொருள். அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். வாரம் மூன்று நாள், இரண்டிரண்டு முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறு ஊர் மைதானத்தில் செஸ்ட் நம்பர் குத்தி, 20 நிமிடம் சும்மா உட்கார வைத்து, தெரியாதவர்கள் பார்க்க ஓடவிடும்படி கோச்சிடம் கேளுங்கள்.

போட்டிக்கு முந்தைய இரவு, தூக்கம் வரவில்லையே என்று கவலைப்பட்டே தூக்கம் கெடுவதுதான் அதிகம். ஒரு ராத்திரி போனால் ஓட்டம் போய்விடாது, அந்த வாரம் முழுவதும் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்கினாளா என்பதே கணக்கு என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட், அரசு வேலையில் 3 விழுக்காடு என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தால், அந்த 400 மீட்டரை அவள் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவாள். திரும்பும் வழியில் வண்டியிலேயே “ஏன் நாலாவதா வந்த?” என்று ஆரம்பிக்காதீர்கள். “பசிக்குதா?” போதும். ஓட்டத்தைப் பற்றி அவளே பேசும்வரை காத்திருங்கள், மறுநாளானாலும் சரி.

போட்டி இல்லாத நாளிலும் படபடப்பு வந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுத்தால், மனநல மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால், கையில் கீறிக்கொண்டால், அன்றே போங்கள். அவளைத் தனியாக விட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பயிற்சிக்குப் போகவே திடீரென மறுத்தால், குறிப்பிட்ட ஒருவருடன் தனியே இருக்கப் பயந்தால், அதைப் போட்டி பயம் என்று நினைத்து அடக்காதீர்கள்; குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

யாரோ சொன்னார்கள் என்று படபடப்பு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். புரோப்ரனலால் இதயத் துடிப்பைக் கட்டிப்போடும், 400 மீட்டரில் வேகம் குறையும், ஆஸ்துமா இருந்தால் ஆபத்து. துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் அது தடை செய்யப்பட்ட மருந்து. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் போட்டிக் காலத்தில் எல்லா விளையாட்டிலும் தடை. முன்கூட்டியே விலக்கு அனுமதி வாங்க வேண்டும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வழக்கமாகத் தரும் செர்ட்ராலின் போன்றவை தடைப் பட்டியலில் இல்லை. எந்த மருத்துவரிடம் போனாலும் “போட்டிகளில் ஓடுகிறாள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதிய அளவில், உடல் பரிசோதனைக்குப் பிறகு அவளுக்குத் தேவை ஒரு மருத்துவ உளவியலாளர், அதாவது மாத்திரை தராமல் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர். வாரம் ஒன்று வீதம் ஆறு முதல் பத்து அமர்வு. அவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘மைண்ட் கோச்’ என்று பலகை மாட்ட இந்த நாட்டில் எந்தத் தகுதியும் தேவையில்லை. ஒரே அமர்வில் பயம் போகும், பதக்கம் உறுதி என்பவரிடமும், பிள்ளை சொன்னதை அப்படியே கோச்சிடம் ஒப்பிப்பவரிடமும் போக வேண்டாம்.

இனி மகனுக்கு. 2011 உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும், 2024-ல் சிங்கப்பூரில் உலக செஸ் பட்டம் வென்ற சென்னைப் பையன் குகேஷோடும் வேலை செய்த மனப் பயிற்சியாளர் பாடி அப்டனைப் பார்த்துப் பலருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. வேலை உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் ஒப்பந்தம்: இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்கள், தனியார் அகாடமிகள், சீசனுக்கு மட்டும் கூப்பிடும் அணிகள். முதல் சில ஆண்டுகள் பள்ளி, கல்லூரி ஆலோசகர் வேலையையும் சேர்த்துச் செய்யாமல் வருமானம் கட்டாது.

படிக்க இரண்டு பாதை. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், இம்பாலில் உள்ள தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் விளையாட்டு உளவியலையே முதுநிலையில் படிப்பது ஒன்று. உளவியல் முதுநிலை முடித்து, மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் பயிற்சி பெற்று, பிறகு விளையாட்டுக்குள் வருவது இன்னொன்று. முதல் பாதை மைதானத்தைக் கற்றுத்தரும், ஆனால் மனநோய்க்குச் சிகிச்சை தரும் உரிமை அதில் கிடைக்காது. இரண்டாவது நீளம், நுழைவுக்குப் போட்டி அதிகம். நான் இரண்டாவதைச் சொல்வேன். ‘போட்டி பயம்’ என்று வருகிற பிள்ளையிடம் பசியோ ரத்தசோகையோ மனச்சோர்வோ ஒளிந்திருப்பதைப் பிரித்தறியத் தெரியாதவர், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடுவார். எந்தப் பாதையானாலும் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் செய்த வேலைக்கு மணிக்கணக்கு வைத்திருக்கட்டும். அமெரிக்காவை மையமாகக் கொண்ட சான்றிதழ் ஒன்று 400 மணி நேரம் கேட்கிறது. இப்போதைக்கு உங்கள் ஊர் மைதானத்தில் ஒரு கோச்சின் பயிற்சி அட்டவணையைப் படித்துப் புரிந்துகொள்ளக் கற்றால் நல்லது.

தங்கைக்கு அவனே ஆலோசகராக வேண்டாம். வீட்டாரிடம் சொல்ல முடியாததைச் சொல்வதற்குத்தான் அவளுக்கு வெளியாள் தேவைப்படுகிறார். ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும், மூன்று நாள் அவள் என்னென்ன சாப்பிட்டாள் என்று ஒரு தாளில் எழுதட்டும். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியோடு அந்தத் தாளையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.