விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு ஓப்பன் சோர்ஸ் எழுதுவது முரண்பாடு இல்லையா?

உங்களிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப், மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்கிற ஓப்பன் சோர்ஸை, மூலநிரலை மூடி வைத்திருக்கும் விண்டோஸில் எழுதுகிறீர்களே என்று யாரோ கிண்டலடித்திருக்கிறார்கள். சரிதானே? எனக்கும் நடந்தது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை, இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் சின்ன நிரல் ஒன்றை ஜிபிஎல் உரிமத்தில் (யாரும் எடுத்து மாற்றலாம், உரிமத்தையும் எழுதியவர் பெயரையும் மட்டும் அழிக்கக்கூடாது) வெளியிட்டிருக்கிறேன். முழுக்க விண்டோஸில் எழுதியது. எங்கள் ஊர் டிடிபி கடைகளில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஓடுவது அதில்தான். அங்கே தட்டச்சு செய்யும் அக்கா விண்டோஸுக்கு மாற்றான, ஓப்பன் சோர்ஸ் லினக்ஸ் என்ற பேரையே கேட்டதில்லை. நான் உபுண்டு என்கிற லினக்ஸில் எழுதி யாருக்குக் கொடுப்பது? பாமினியில் 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று தட்டு. யூனிகோடில் 'க' முதலில் வரும், உயிர்க்குறி முழுசாக அதன் பின்னால். இந்த இடமாற்றம் எங்கே சொதப்புகிறது என்பது அந்த அக்காவின் கோப்பைத் திறந்தால்தான் தெரியும்.

ஒரு கூட்டத்தில் இதைக் காட்டியபோது "விண்டோஸா?" என்று சிரித்தவர் கையில் மேக்புக். அதில் ஓடும் ஆப்பிளின் மேக் ஓஎஸ் என்ன ஊர்ப் பொதுச் சொத்தா?

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ஸ்டால்மன் 1984இல் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத்தின் வேலையைத் தொடங்கியபோது கையில் இருந்ததும் யூனிக்ஸ் என்ற தனியுரிம இயங்குதளம்தான். 'அது யூனிக்ஸுக்கு மாற்று உருவாக்க' என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். கோப்பைச் சுருக்கும் 7-ஜிப், உரை எழுத உதவும் நோட்பேட்++ என்ற ஓப்பன் சோர்ஸ் நிரல்கள் இரண்டும் விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை. அவற்றை என்ன செய்யலாம்?

நான் மைக்ரோசாஃப்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மிச்சமாக 'ஆக்ஸ்' (aux) என்ற பெயரில் கோப்பு வைக்கவிடாமல் விண்டோஸ் மல்லுக்கட்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலில் அந்தப் பெயரில் கோப்பு இருப்பதால் அதைச் சாதாரணமாக இறக்கினால் பாதியில் முரண்டு பிடிக்கும். நிரல் யாருடையது என்று காட்டும் கையொப்பச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்காததால் என் நிரலைத் திறந்ததும் விண்டோஸின் நீல எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்து பயமுறுத்தும். 'மோர் இன்ஃபோ'வை அழுத்தி, அப்புறம் 'ரன் எனிவே' என்று அந்த அக்காவுக்குத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

உண்மையில் எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் என் நிரலை அப்படியே எடுத்து இறுதியாண்டு புராஜெக்டாகக் கொடுத்திருக்கிறார்கள். எடுக்கட்டும், அதற்குத்தான் ஜிபிஎல். ஆனால் உரிமக் கோப்பையும் என் பெயரையும் அழித்துவிட்டார்கள். வரிகளுக்கு நடுவே நான் தமிழில் எழுதிய குறிப்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன! துறைத்தலைவருக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. அதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி கேளுங்கள், இதைவிட நீளமாக எழுதுகிறேன்.