கண்ணாடி முன் யாரை அழைக்கிறீர்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இயங்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இளைஞர் பிரிவு, வரும் நவம்பர் 16ஆம் தேதி, இந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் முதல் கப்பல் இங்கு வந்து சேர்ந்த நாளையொட்டி, 'சுயபிரதிபலிப்பு' என்ற தலைப்பில் ஒளிப்படக் கண்காட்சி ஒன்றை நடத்த எண்ணியுள்ளது. காணொலிகளும் இடம்பெறும். படைப்புகளை வரவேற்கும் அறிவிப்பில் எவற்றையெல்லாம் எழுத வேண்டும்? கைப்பேசியில் எடுத்தவற்றை ஏற்கலாமா? வரும் படங்களைச் சங்கம் பின்னாளில் பயன்படுத்திக்கொள்ளத் தடையுண்டா?

பதில்: நீங்கள் இணைத்திருந்த வரைவைப் படித்தேன். விதிகளைவிட முதலில் தலைப்பைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. 'சுயபிரதிபலிப்பு' என்பது அகராதியைப் புரட்டி ஒட்டவைத்த சொல்லாகத் தெரிகிறது. பிரதிபலிப்பது கண்ணாடியின் வேலை. மனிதர் செய்வது தன்னைத் திரும்பிப் பார்ப்பது. 'உங்களை நீங்களே ஆராயும் படைப்புகளை அனுப்புங்கள்' என்று மட்டும் எழுதினால், சன்னலோரம் கன்னத்தில் கைவைத்த முகங்களும் கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் உருவங்களும்தான் குவியும். அழைப்பு மங்கலாக இருந்தால் வருபவையும் மங்கலாகவே இருக்கும் என்பது பல தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து நான் கண்டது.

உங்களுக்கு வாய்த்திருக்கும் நாளே நல்ல கேள்வியைத் தருகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த 'ட்ரூரோ' முதற்கொண்டு, ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிவந்த கப்பல்களின் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டு, பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு தழும்பு, மச்சம் போன்ற உடலடையாளங்களும் குறிக்கப்பட்டன. முன்பின் அறியாத ஓர் எழுத்தர் உங்கள் பாட்டனாரின் பாட்டனாரை ஒரே வரியில் எழுதி முடித்தார். 'அந்த வரியை இன்று உங்களைப் பற்றி நீங்களே எழுதுவதானால், எந்த அடையாளத்தைக் காட்டுவீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். கலைஞருக்குப் பிடிமானமும் கிடைக்கும், மீறிச் செல்ல இடமும் இருக்கும். முகம் தெரிந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வைக்காதீர்கள். பக்கத்து உம்லாசியில் 1972இல் பிறந்த ஒளிப்படக் கலைஞர் சனேலே முஹோலி, துணிமாட்டும் கிளிப்புகளைத் தலையில் அணிந்து எடுத்துக்கொண்ட தற்படத்தில், வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தம் தாயையே நினைவுகூர்ந்தார். தன்னைப் பார்ப்பதில் இன்னொருவரைப் பார்ப்பதும் அடங்கும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று டர்பன்காரர்களுக்குத் தேவையில்லை.

கைப்பேசிப் படங்களைத் தாராளமாக ஏற்கலாம். 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது. அதை ஏ3 அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 240 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும், சுவரில் மாட்டுவதற்கு அது போதும். கெடுப்பது கேமரா அன்று, அனுப்பும் வழிதான். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒருங்கிணைத்த காட்சிக்கு ஓர் இளம்பெண், பாட்டியின் அலமாரிக் கண்ணாடியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடியின் ஓரம் முழுக்கப் பாட்டி கழற்றி ஒட்டிய ஒட்டுப்பொட்டுகள், சிவப்பும் மெரூனுமாக, சில பசை காய்ந்து பாதி பெயர்ந்தபடி; நடுவில் பொட்டில்லாத நெற்றியோடு பேத்தியின் முகம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்த கோப்பையே நான் கவனக்குறைவாக அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பெரிதாக்கியபோது பொட்டுகள் எல்லாம் சதுரச் சதுரமாகக் கரைந்துபோயின, படத்தின் உயிரும் அங்கேதான் இருந்தது. ஆகவே, தேர்வுக்குச் சிறிய கோப்பு போதும், தேர்வானபின் மூலக்கோப்பை மின்னஞ்சல் இணைப்பு வழியாகவோ, வாட்ஸ்அப்பானால் 'ஆவணம்' என்ற வகையிலோ அனுப்ப வேண்டும் என்று இரண்டு கட்டமாக எழுதுங்கள். இணையத் தரவுக்குச் செலவழிக்கும் மாணவர்களுக்கும் இது நல்லது.

காணொலிக்கு 5 நிமிட உச்சவரம்பு வையுங்கள். 12 காணொலிகள் சேர்ந்தாலே ஒரு மணி நேரம் ஆகிவிடும், அதற்குமேல் யாரும் நிற்பதில்லை. எம்பி4 கோப்பு, 1920க்கு 1080 அளவு என்று குறிப்பிட்டால் பெரும்பாலான திரைகளில் சிக்கலின்றி ஓடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், சில குழல்விளக்குகளின் கீழ் எடுத்த காட்சிகளில் பட்டை பட்டையாக மினுக்கல் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்குமாறு ஒரு வரி சேர்த்தால் புதியவர்களுக்கு உதவியாக இருக்கும். தமிழில் பேசும் காணொலிகளுக்கு ஆங்கில வசனவரி கட்டாயம் என்று எழுதத் தயங்க வேண்டாம். நம் பிள்ளைகளில் பலருக்குப் பாட்டியின் குரல் புரியும், சொற்கள் புரியா.

உரிமை பற்றிய பத்தியில்தான் உங்கள் வரைவு என்னைச் சங்கடப்படுத்தியது. 'அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் சங்கத்துக்கே சொந்தம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். நம் நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவதற்கு உரியவரின் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அறிவிப்பில் ஒரு வரி அச்சிட்டுவிட்டதால் அது நடந்துவிடாது, நல்ல கலைஞர்கள் விலகிப் போவது மட்டும் நடக்கும். இந்தக் கண்காட்சியிலும் அதன் விளம்பரத்திலும், படைத்தவர் பெயரோடு, ஓராண்டுக்குப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள், அது போதும். இதற்கு மாறாக, திறப்புவிழாவைப் படமெடுக்க நீங்களே பணம் கொடுத்து ஒருவரை அமர்த்தினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படங்களின் பதிப்புரிமை அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பணம் கொடுத்தவருக்கே போகும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மனத்தாங்கல் வருகிறது.

விண்ணப்பப் படிவத்தில் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி போன்றவற்றைக் கேட்டிருக்கிறீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருப்பதால், தேவையற்றதைத் திரட்டுவது சங்கத்துக்கே சுமை. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் போதும். படத்தில் 18 வயதுக்குட்பட்டவர் இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதத்தை மறவாமல் கேளுங்கள்.

நுழைவுக் கட்டணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அச்சுச் செலவையும் சட்டச் செலவையும் யார் ஏற்பார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சங்கம் ஏற்றால், மேடைப் பூமாலைகளைக் குறைத்தாவது ஏற்றால், வரும் படைப்புகளின் தரமே மாறும். (இங்கே சட்டம் என்றது மரச்சட்டத்தை.) நவம்பருக்குள் அச்சும் மாட்டலும் முடிய வேண்டுமானால் ஆகஸ்ட் இறுதியைக் கடைசி நாளாக வைத்து, ஜூன் மாதத்திலேயே அழைப்பை வெளியிட வேண்டும். தேர்வுக் குழுவினர் யார் யார், அவர்களின் உறவினர் கலந்துகொள்ளலாமா என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாரும் எல்லாருக்கும் உறவாக இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் இது சிறிய விஷயம் அன்று.

கடைசியாக, காட்சி முடிந்தபின் அச்சுப்படங்களை யார், எந்தத் தேதிக்குள் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இன்றும் உரியவர் வராத ஏழு படங்கள் இருக்கின்றன.