கனவுப் படம் ஏன் உறைக்கவில்லை?
வணக்கம். பறக்கும் மீன், உருகும் வீடு, மரத்தில் கண் என்று எல்லாம் வரைந்தும், பார்ப்பவர்கள் 'அழகான கற்பனை' என்று நகர்ந்துவிடுவதாக வருந்தியிருந்தீர்கள். படத்தில் அவர்கள் நம்புவதற்கு எதுவும் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பெல்ஜிய ஓவியர் மாக்ரித்தின் 'ஒளியின் பேரரசு' ஓவியங்களைப் பாருங்கள். கீழே தெருவிளக்கு எரியும் இரவு, மேலே வெண்மேகம் மிதக்கும் பகல் வானம். தனித்தனியே இரண்டும் சாதாரணம். சேர்ந்திருப்பதுதான் நடக்காத காரியம். அது நமக்கு உறைக்கவே சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளுக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்! ஸ்பானிய ஓவியர் டாலியும் 1931-இல் வரைந்த ஓவியத்தில், உருகும் கடிகாரங்களுக்குப் பின்னால் தானறிந்த, ஸ்பெயினின் கட்டலோனியக் கடற்கரைப் பாறைகளைத்தான் துல்லியமாகத் தீட்டினார்.

மீனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் நிழல் தரையில் சரியான திசையில் விழட்டும். வீட்டை நேராக, சலிப்பூட்டும் அளவுக்கு நேராக வரையுங்கள். மரத்துக் கண்ணை எடுத்துவிடலாம்.