டேமில் படகு, மாலை நேரம், அப்பா: எந்தச் சீட்டு வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 74 வயது. ஒரு நாள் மாலை ஆல்பர்ட் ஃபால்ஸ் டேமில் நண்பருடைய சின்னப் படகில் அவரைத் தூண்டில் போட அழைத்துப் போக ஆசை. எல்லா லைசென்ஸும் சேர்த்து 1,200 ராண்டுக்கு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு அவர் எதைக் கொண்டுவந்து தரப் போகிறார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பெரும்பாலும் கடலில் மீன்பிடிப்பதற்கான அனுமதிச் சீட்டு ஒன்றையும், அதன் மேல் தன் கமிஷனையும் வைப்பார். தபால் அலுவலகத்தில் விற்ற அந்தச் சீட்டு கடலுக்கும் கழிமுகத்துக்கும் மட்டுமே செல்லும். 1998-ஆம் ஆண்டுக் கடல்வாழ் வளச் சட்டத்தின் கீழ் வருவது அது. நன்னீர் அணையில் அதைக் காட்டினால் காவலர் சிரிப்பார்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் நன்னீரில் தூண்டில் போட மாகாணச் சீட்டு வேண்டும். அதைத் தருவது எஸெம்வெலோ வனவிலங்கு அமைப்பு. அவர்களுடைய அலுவலகத்திலேயே வாங்கலாம், சில தூண்டில் கடைகளிலும் கிடைக்கும். அடையாள அட்டையோடு நீங்களே போங்கள். யார் கையில் தூண்டில் இருக்கிறதோ அவர் பெயரில் சீட்டு இருக்க வேண்டும். உங்கள் சீட்டில் அப்பா மீன் பிடிக்க முடியாது. அணை வாயிலில் நுழைவுக் கட்டணமும் படகு இறக்கும் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும். ஒரு சாயங்காலத் தூண்டிலுக்கு மாகாணம் ஒரு பக்கம், அணை நிர்வாகம் ஒரு பக்கம், கடல்சார் பாதுகாப்பு ஆணையம் ஒரு பக்கம். மூன்றையும் ஒரே இடத்தில் வைக்க இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள்.

இனி படகு. இதைத்தான் எல்லோரும் அரைகுறையாகக் கேள்விப்பட்டு வைத்திருக்கிறார்கள். சாம்சா என்று அழைக்கப்படும் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் சிறுபடகு விதிகள் 2007-இல் வந்தவை. அவை கடலுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், அணைக்கும் பொருந்தும். 15 குதிரைசக்திக்கு மேல் இன்ஜின் என்றால், ஓட்டுபவரிடம் ஸ்கிப்பர் (படகோட்டி) சான்றிதழ் இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு விலக்கு உண்டு. இந்த விலக்கை வைத்துத்தான் பழைய படகு விற்பவர்கள் விளையாடுகிறார்கள்.

மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியில் 15 என்று ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது 25. மூடியைக் கழற்றி மாற்ற ஐந்து நிமிடம் போதும். நண்பரைச் சங்கடப்படுத்த வேண்டாம், நீங்களே இன்ஜினின் தாங்கியில் பதித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். தகட்டிலுள்ள எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் அந்தப் படகில் ஏறாதீர்கள். சரியாக 15 என்றால் வாயிலில் வாக்குவாதம் வரலாம். 9.9 என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நாலு பேர் உள்ள படகுக்கு அது தாராளம். அப்புறம், அந்த விலக்கு ஓட்டுநரின் சான்றிதழுக்கானது. லைஃப் ஜாக்கெட்டுக்கு இல்லை. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும், அவரவர் உடம்புக்குப் பொருந்தியதாக ஒன்று இருக்க வேண்டும். "சின்ன இன்ஜின்தானே, சட்டம் நம்மைத் தொடாது" என்று இருக்கைக்கு அடியில் சுருட்டி வைப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பெரியவர் தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டிவிட முடியாது. கரையிலேயே மாட்டுங்கள், கொக்கியைப் பூட்டுங்கள். அப்பா முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நண்பருக்குப் பெட்ரோல் பணத்துக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள். கூலிக்கு ஆளேற்றினால் அது பொழுதுபோக்குப் படகு அல்ல, வேறு சான்றிதழ், வேறு பரிசோதனை. "வாட்ஸ்அப்பில் படகுச் சவாரி" போடுபவர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மாலை என்கிறீர்கள். டர்பன் பக்கம் ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், டிசம்பரில் ஏழு மணிக்கு. பல அணைகளில் பொழுது சாய்ந்த பின் படகு ஓட அனுமதி இல்லை, அதனால் எப்போது திரும்ப வேண்டும் என்று வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு மீட்டருக்குக் குறைந்த, ஏழு நாட்டுக்கு (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) மேல் போக முடியாத மோட்டார் படகு, எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு வைத்திருந்தால் போதும். கைபேசி விளக்கு அதற்குப் பதில் ஆகாது.

கோடையில் போகிறீர்கள் என்றால் மேகத்தைப் பாருங்கள். ஆல்பர்ட் ஃபால்ஸ் இருக்கும் மிட்லண்ட்ஸ் பகுதியில் பிற்பகல் இடிமழை சர்வ சாதாரணம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் புயல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கரை. கிராஃபைட் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் நடுவே அதைத் தூக்கிப் பிடித்திருப்பவர்தான் சுற்று வட்டாரத்திலேயே உயரமான பொருள். பாஸ் மீன் கடிக்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் அஞ்சு நிமிடம் என்று அப்பா சொல்வார். கேட்காதீர்கள்.

பிடித்த மீனை உயிரோடு வாளியில் கொண்டுபோய் உறவினர் பண்ணைக் குட்டையில் விடச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். பாஸும் கார்ப்பும் இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவை, அனுமதியில்லாமல் உயிரோடு இடம் மாற்றுவது குற்றம். குழம்புக்கு வேண்டுமானால் கொன்று, ஐஸில் வைத்து எடுத்துப் போங்கள். ஒருவர் எத்தனை மீன் எடுக்கலாம் என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்த 1,200 ராண்டில் இரண்டு பேருக்கும் நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். அப்பாவுக்குத் தோள்பட்டை இறுக்காத, முன்பக்கம் திறக்கும் வகை பார்த்து எடுங்கள்.