அப்பா எந்தக் கதவில் ஏறுவார்?

கேள்வி: எனக்கு வயது 29, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மலேசியாவில், ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் பெற்றோருடன் இருக்கிறேன், வேலைக்கு மோட்டாரில் போய் வருகிறேன். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர், முட்டி போன பிறகு வீட்டில்தான். அவருடைய இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பணம் இந்த வீட்டை வாங்கியதில் முடிந்துவிட்டது. ஆறு வருடத்தில் 34,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்திருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காடி (கார்) மேல் எனக்குப் பைத்தியம். தைப்பிங்கில் ஒருவர் 28,000-க்குத் தருகிறார். ரிம், டயர் மாற்ற இ.பி.எஃப். மூன்றாவது கணக்கிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஓட்ட வேண்டும் என்பது கனவு. விலை ஏறுகிற காடி, முதலீடும்கூட. இரண்டு கதவுதான், பின்னால் ஏற முன் சீட்டை மடக்க வேண்டும், ஆனால் பரவாயில்லை, அப்பா அம்மா எப்படியும் எங்கும் போவதில்லை. கடன் வாங்கவில்லை, என் காசு. வாங்கலாமா? வாங்கினால் அம்மாவிடம் முன்பே சொல்வதா, பிறகு சொல்வதா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. காடி பெயர் மாறும், ஊர் மாறும், தொகை மாறும், கேள்வி மட்டும் அதேதான். இளமையில் அனுபவிக்காமல் எப்போது அனுபவிப்பது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள், சொல்லப்போவதில்லை. எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி. அப்பா அம்மா எப்படியும் எங்கும் போவதில்லை.

யார் சொன்னது? அவர்களா, நீங்களாகவே முடிவு செய்ததா? போகப் பிடிக்காதது வேறு, போக முடியாதது வேறு, கூட்டிப்போக ஆள் இல்லாதது வேறு. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மோட்டார், அதுவும் காலையில் உங்களோடு ஈப்போவுக்குக் கிளம்பிவிடுகிறது. முட்டி மடங்காத மனிதர் மோட்டாரின் பின்னால் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. பஸ்ஸுக்கு என்றால் பெரிய சாலை வரைக்கும் நடக்க வேண்டும். கிராப் வாடகைக் காடி கூப்பிடலாம், ஆனால் அதற்குக் காசு மகனிடம் கேட்க வேண்டும், நம் வீட்டுப் பெரியவர்கள் அதை அவ்வளவு சுலபத்தில் கேட்கமாட்டார்கள். இப்படி இருக்கிற இரண்டு பேர் எங்கே போவார்கள்? அவர்கள் போகாமல் இருப்பதை அவர்களுடைய குணம் மாதிரி எழுதிவிட்டீர்கள். அது குணம் இல்லை தம்பி, நிலைமை. அந்த நிலைமையை மாற்றக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான்.

தோட்டத்தில் இருந்தவரை உங்கள் அப்பாவுக்குக் காடி தேவைப்பட்டிருக்காது. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலை விட்டு இறங்கினால் கோயில், நாலு எட்டு வைத்தால் கடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சாயங்காலம் பேச்சுத் துணைக்கு அடுத்தடுத்த வாசலில் ஆட்கள், ஒரு சாவு என்றாலும் கல்யாணம் என்றாலும் நடந்தே போய்விடலாம். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம், அப்படித்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கு வந்தன, கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினார்கள். தாமான் வீடு சொந்த வீடு, ஒழுகாத கூரை, அதெல்லாம் நல்லதுதான். ஆனால் தாமானில் காடி இல்லாத பெரியவருக்குக் கேட்டுக்கு வெளியே உலகமே இல்லை. நீளக் கம்பத்தின் நுனியில் அரிவாளை மாட்டி, கழுத்தை அண்ணாந்து பார்த்தபடி, இருபது கிலோ வரைக்கும் கனக்கும் செம்பனைக் குலைகளை நாள் முழுக்க வெட்டித் தள்ளிய உடம்பு அது. அந்த உடம்பு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது என்றால், உட்காரப் பிடித்துத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நீங்கள் எப்படி நினைத்தீர்கள்?

முட்டிக்கு மருந்து வாங்க யார் காடியில் போகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரரா, கோயில் தலைவரா? எண்ணெய்க் காசுக்கு என்று அம்மா ஏதாவது கொடுக்கிறாரா? உறவில் ஒரு துக்கம் என்றால் யாருடன் தொற்றிக்கொண்டு போகிறார்கள், எத்தனை துக்கத்துக்குப் போகாமலே விட்டிருக்கிறார்கள்? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் ஒருவர் 28,000 வெள்ளிக்கு இரண்டு கதவு காடி வாங்கக் கூடாது. இது என் அபிப்பிராயம், உங்களுக்குக் கோபம் வந்தாலும் இதை மாற்றிக்கொள்ளமாட்டேன்.

இப்போது காடி. காடியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜிடிஐ நல்ல காடிதான், லோட்டஸ் கைவைத்துச் சரிசெய்த சஸ்பென்ஷன், மிட்சுபிஷி 4ஜி93 என்ற 1.8 லிட்டர் இன்ஜின், இந்த நாட்டில் செய்த காடிகளில் ஓட்டிப் பார்த்தவர்கள் இன்றும் விட்டுக்கொடுக்காமல் பேசுகிற ஒன்று. ஆனால் அதில் இளசு என்று பார்த்தாலும் இருபது வயது ஆகிவிட்டது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள், ரேடியேட்டர் எப்படி, அப்சார்பர், புஷ், ஏர்கான் கம்ப்ரசர் எல்லாம் என்ன நிலைமை என்று யாருக்குத் தெரியும்? சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ பாடிகிட் மாட்டி, ஹாஃப்கட் (பழைய காடி உதிரிபாக) கடையில் இன்ஜின் வாங்கி இறக்கி, ஜிடிஐ என்று விற்பதும் நடக்கிறது. அந்தத் தைப்பிங்காரரிடம் காடியின் பதிவுச் சான்றான கிராண்ட்டை வாங்கி, அதில் இருக்கும் இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காடியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவ்வளவு பழைய காடிக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான் கிடைக்கும், அதாவது கேமரன் வளைவில் நீங்களாகப் போய் மோதினால் எதிராளியின் சேதத்துக்குத்தான் காசு வரும், உங்கள் 28,000-க்கு ஒரு காசும் வராது. ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 300 வெள்ளிக்குக் கிட்ட வரும், 1.3 லிட்டர் புரோட்டோன் சாகாவுக்கு அது 70 வெள்ளிதான்.

முதலீடு என்று எழுதியிருக்கிறீர்கள். விலை ஏற வேண்டுமானால் காடியை மூடி வைத்து, எதையும் மாற்றாமல், கிலோமீட்டர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்களோ ரிம்மை மாற்றி வாராவாரம் மலையேற்றப் போகிறேன் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். ஆசைப்பட்டு வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் இன்னும் மரியாதையாகக் கேட்டிருப்பேன்.

இ.பி.எஃப். மூன்றாவது கணக்கைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் சந்தாவில் பத்து விழுக்காடு மட்டும் போய் விழுகிற கணக்கு அது, 2024 மே மாதம்தான் ஆரம்பித்தது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டிருப்பது வீட்டில் ஒரு ஆபத்து வந்தால் கைகொடுக்கட்டும் என்றுதான். இந்தக் காடியை வாங்கிவிட்டால் உங்கள் கையில் 6,000 வெள்ளி மிஞ்சும். முட்டியில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் அந்த 6,000 எத்தனை நாளைக்கு?

அடுத்தது, என் காசு என்ற பேச்சு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி இருக்கிறது, அதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. ஆறு வருடத்தில் 34,000 சேர்த்தது உங்கள் உழைப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு வருடமும் நீங்கள் படுத்தது அப்பாவின் இ.பி.எஃப். பணத்தில் வாங்கிய வீட்டில், சாப்பிட்டது அம்மா கையால். ஈப்போவில் அறை எடுத்து, கடையில் சாப்பிட்டு இருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் ஊர் மண்ணில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்து மக்களின் சேமிப்பு ஒருவருக்காக மட்டும் இருந்ததில்லை. உங்கள் அப்பா தன் கடைசிக் காசை வீட்டில் போட்டபோது இது என் காசு என்று சொன்னாரா?

இதற்காகக் கடைசி வரை மோட்டாரிலேயே போங்கள் என்று சொல்லவில்லை. மழையில் நனைந்துகொண்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்குமாக அலைகிற பிள்ளைக்குக் காடி வேண்டும்தான், காடி ஓட்டுவதில் சந்தோஷம் வேண்டும் என்பதும் தப்பில்லை. நான்கு கதவு இருக்கட்டும், முன் சீட் அதிகம் தாழாமல் இருக்கட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். 2011-இல் வந்த பெரோடுவா மைவி காடியில் 1.5 இன்ஜினும் மேனுவல் கியரும் உள்ளது கிடைக்கும், ரோட் டேக்ஸ் 90 வெள்ளி, எந்த ஊர் வொர்க்‌ஷாப்பிலும் சாமான் உண்டு, சிம்பாங் பூலாய் மேட்டில் தாராளமாக இழுக்கும். உங்களைப் போலக் காடிப் பைத்தியம் பிடித்த எத்தனையோ பையன்கள் அதை விரும்பி ஓட்டுகிறார்கள். கையிருப்பில் பாதிக்கு மேல் போகாதீர்கள், மீதியைத் தொடாமல் வையுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நான்கு கதவு காடியை வாடகைக்கு எடுங்கள், கூட்டாளியிடம் கேட்டு வாங்கினாலும் சரி. எங்கேயாவது போகலாமா என்று கேட்காதீர்கள். கேட்டால் வேண்டாம்ப்பா, உனக்கு எதற்கு வீண் செலவு என்றுதான் பதில் வரும், நீங்களும் அதை நம்பிக்கொண்டு, பார்த்தீர்களா, எங்கும் போவதில்லை என்று எனக்கே மறுபடி எழுதுவீர்கள். எங்கே போகலாம் என்று கேளுங்கள். ஈப்போ கல்லுமலைக் கோயிலாக இருக்கலாம், கூட வேலை பார்த்த ஒருவர் வீடாக இருக்கலாம், பங்குனி உத்திரத்துக்கு மாரான் முருகன் கோயில் வரைக்கும் போய் வர வேண்டும் என்ற ஆசையாகக்கூட இருக்கலாம், தோட்டத்தில் இருந்து பஸ் எடுத்துக்கொண்டு அங்கே போன தலைமுறை அது. அப்பா முன் சீட்டில் உட்காரட்டும். ஏறும்போது எந்தக் கையால் எதைப் பிடிக்கிறார், எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று நின்று பாருங்கள். முன் சீட்டின் முதுகைச் சாய்த்து, சீட்டை முன்னால் தள்ளி, அந்த இடுக்கில் காலை விட்டு, குனிந்து, திரும்பி, புடவையோடு உள்ளே போய் உட்கார அம்மாவால் முடியுமா என்பதையும் அன்றைக்கே யோசியுங்கள். சத்ரியாவில் அப்பா முன்னால் உட்கார்ந்தால் அம்மாவுக்கு அந்த இடம்தான்.

நாற்பது வயதில் ஜிடிஐ வாங்குங்கள், நானே வாழ்த்துகிறேன். நல்ல ஜிடிஐ அப்போதும் நாலு பேரிடம் இருக்கும். உங்கள் அப்பாவின் முட்டி அதுவரை காத்திருக்காது.

கடைசியாக, அம்மாவிடம் முன்பே சொல்வதா, பிறகு சொல்வதா என்று கேட்டீர்கள். முன்பே. இந்த வாரமே. காடியை மட்டும் சொல்லாதீர்கள், 34,000 வெள்ளி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் அதுவும் அவருக்குத் தெரியாது என்றுதான் எனக்குப் படுகிறது.