லாஸ்ட் டோரில் பயம் எங்கே இருக்கிறது? – கடிதம்

வணக்கம் அண்ணா,

ஒரு பதிவில் போகிறபோக்கில் 'தி லாஸ்ட் டோர்' என்ற திகில் கம்ப்யூட்டர் கேமைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தள்ளுபடியில் கிடைத்ததால் முதல் சீசனை வாங்கி, நான்கு அத்தியாயத்தையும் ஒரே ராத்திரியில் முடித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமே வரவில்லை. ஆட்களுக்கு முகமே இல்லை, கட்டம் கட்டமாக இருக்கிறார்கள். ஹீரோ ஆமை மாதிரி நடக்கிறார். சில இடங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் வாக்த்ரூ (படிப்படியாக வழி சொல்லும் விடைக்குறிப்பு) பார்த்துத்தான் தாண்டினேன். அப்புறம் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ரிவ்யூக்களைப் படித்தால் தலை சுற்றுகிறது. இதைவிடப் பயங்கரமான கேம் இல்லை என்கிறார் ஒருவர். புதிர்கள் சப்பை, படம் மோசம், காசு தண்டம் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? இந்தக் காஸ்மிக் ஹாரர் கேம்களில் எதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்? இரண்டாவது சீசனை வாங்கலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

பயம் வரவில்லை என்று நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பயப்படாதவரைப் பார்த்து உனக்கு ரசனை போதாது என்று சொல்லும் பழக்கம் இந்த வகைக் கேம்களின் ரசிகர்களிடம் உண்டு, எனக்கு அது பிடிக்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் முதல் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தக் கேமை நான் இத்தனை வருஷமாக மறக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கேம் தொடங்குகிறது. ஒரு பரண் அறை, அதில் ஒரு மனிதர். அவர் யார், அங்கே ஏன் நிற்கிறார் என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. பாயிண்ட் அண்ட் கிளிக், அதாவது திரையில் இருப்பதை மவுஸால் கிளிக் செய்து புதிர் விடுவிக்கும் வகைக் கேம், ஆடிப் பழகிய கை அப்போது யோசிக்காது, எது கிளிக் ஆகிறதோ அதை அமுக்கிப் பார்க்கும். அமுக்குகிறோம், அவரும் சொன்னபடி செய்கிறார். இன்னொரு கிளிக், இன்னொன்று. சட்டென்று உறைக்கிறது, அந்த மனிதர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள ஒவ்வொரு படியாக ஏற்பாடு செய்து கொடுத்தது நம் கைதான் என்று. அப்போது மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் கேம் நகர வேண்டுமென்றால் கடைசிக் கிளிக்கையும் நாம்தான் செய்தாக வேண்டும். வேறு யாரும் வரப்போவதில்லை.

அவர்தான் ஆன்டனி பீச்வர்த். அதன் பிறகுதான் 1891ஆம் ஆண்டு, இங்கிலாந்து, நாம் ஆடும் ஹீரோ ஜெரமையா டெவிட், அவருக்குப் பழைய பள்ளித் தோழன் பீச்வர்த்திடமிருந்து வந்த கடிதம், அதில் லத்தீனில் ஒரே ஒரு வரி, யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள் என்று. டெவிட் ரயிலேறி சசெக்ஸ் போகிறார், வீடு காலியாகக் கிடக்கிறது. அந்த வீட்டுக்குள் டெவிட் தேடுகிற பதிலில் பாதி நமக்கு முன்பே தெரியும், அவருக்குத் தெரியாது. நாம் செய்த காரியத்தை அவரை வைத்து நாமே துப்பறிகிறோம்.

சரி, ரிவ்யூக்களுக்கு வருகிறேன். பாயிண்ட் அண்ட் கிளிக் என்ற வடிவமே ஆடுபவருக்கு ஒரு உத்தரவாதம் கொடுக்கிறது. பூட்டு இருந்தால் எங்கேயோ சாவி இருக்கும், பையில் உள்ள எந்தப் பொருளுக்கும் ஒரு இடம் உண்டு, எல்லாவற்றையும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தால் உலகம் பதில் சொல்லும். அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் காலத்திலிருந்து வருகிற காஸ்மிக் ஹாரர் சொல்வது இதற்கு நேர் எதிர். பிரபஞ்சத்துக்கு நாம் ஒரு பொருட்டே இல்லை, தேடத் தேடக் கிடைப்பது விளக்கம் இல்லை, நம் புத்தி தாங்காத வேறு ஏதோ ஒன்று. இந்த இரண்டையும் ஒரே கேமில் கட்டிப்போட்டால் இழுபறி வராமல் இருக்காது. உங்களுக்குத் தலை சுற்றியதற்குக் காரணம் அதுதான். புதிர் சப்பை என்று எழுதியவர் அந்த உத்தரவாதத்தை நம்பி உள்ளே போனவர், அந்தக் கணக்கில் அவர் சொல்வது சரி. பயந்தேன் என்று எழுதியவர் அந்த உத்தரவாதம் நடுவில் உடைந்த இடத்தைப் பற்றி எழுதுகிறார். ரிவ்யூவைப் படிக்கும்போது கட்டைவிரல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, இவர் எதைத் தேடிப் போனார் என்று பாருங்கள்.

படம் மோசம் என்ற புகாரில் எனக்கு உடன்பாடு இல்லை, கொஞ்சம் கோபம்கூட வரும். ஸ்பெயினில் செவில்யா நகரத்துச் சின்னக் குழு, தி கேம் கிச்சன், கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி, பிரவுசரிலேயே ஆடும்படி அத்தியாயம் அத்தியாயமாக 2013இலிருந்து வெளியிட்ட கேம் இது. பின்னால் 2019இல் 'பிளாஸ்ஃபெமஸ்' செய்தவர்களும் இவர்கள்தான், அதன் பிக்சல் வேலையைப் பார்த்தவர் யாரும் இவர்களுக்கு வரையத் தெரியாது என்று சொல்ல மாட்டார். லாஸ்ட் டோரில் முகத்தைத் தெரியாமல் வைத்தது தெரிந்தே செய்தது. எதிரே நிற்பவர் சிரிக்கிறாரா, வெறித்துப் பார்க்கிறாரா என்று நாலைந்து கட்டங்களை வைத்துக்கொண்டு நாமே முடிவு செய்ய வேண்டும், இருட்டில் உட்கார்ந்திருப்பவர் எப்போதும் மோசமான பக்கத்தைத்தான் முடிவு செய்வார்.

அதோடு ஒலி. கார்லோஸ் வியோலாவின் இசை, மரத்தரை கிறீச்சிடும் சத்தம், காற்று, காகம், எல்லாம் துல்லியமாகக் கேட்கும். கண்ணுக்கு மங்கல், காதுக்குத் தெளிவு. கண்ணை நம்ப முடியாததால் காது முழு வேலையையும் எடுத்துக்கொள்கிறது. பயந்ததாக எழுதும் ரிவ்யூக்களில் இசையும் சத்தமும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் ஒலியைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. ஹெட்போன் போட்டுத்தான் ஆடினீர்களா?

ஆனால் புகார் சொல்கிறவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிக்சல் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது எடுக்க வேண்டிய பொருள் எது, பின்னணி எது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, கர்சரை வைத்துத் திரை முழுக்கத் தடவ வேண்டியிருக்கிறது. இதற்குச் சூழலைக் காரணம் காட்டிச் சப்பைக்கட்டு கட்டுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். தடவித் தேடும்போது பயம் ஆறிவிடும், இது குறைதான். நடையின் வேகமும் அப்படியே. முதல் தடவை அந்த இருட்டு நடைபாதையைக் கடக்கும்போது மெதுவான நடை வேண்டும், நான்காவது தடவை மறந்த பொருளை எடுக்கத் திரும்பும்போது அது வெறும் தொல்லை. அத்தியாயங்கள் வர வர ஆடியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவாகத் தெரிந்திருக்கும். ஒன்று முடிந்து அடுத்தது வரப் பல வாரங்கள், மாதங்கள், நடுவில் யோசித்து யோசித்து மனசுக்குள் வளர்த்துக்கொள்ள நேரம் இருந்தது. நீங்கள் நான்கையும் ஒரே ராத்திரியில் முடித்திருக்கிறீர்கள், வாக்த்ரூவோடு. வாக்த்ரூ பார்ப்பது தப்பில்லை, நானும் பார்ப்பேன். ஆனால் இந்த வகையில் அது ஒன்றைப் பறித்துவிடுகிறது: மாட்டிக்கொண்டு நிற்கும் நேரம். அந்த அறையில் என்ன செய்வதென்று தெரியாமல் இருபது நிமிஷம் நின்றால்தான் அறை நம்மேல் ஏறத் தொடங்கும்.

வேறு கேம்களிலும் இதே இழுபறியைப் பார்க்கலாம். 1993இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் 'ஷேடோ ஆஃப் தி காமெட்' கொண்டுவந்தது. 1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் படமெடுக்க இல்ஸ்மவுத் என்ற ஊருக்கு வரும் பார்க்கரின் கதை, அருமையான ஆரம்பம். ஆனால் அதில் ஹீரோ செத்துக்கொண்டே இருப்பார். முதல் சாவு திக்கென்று இருக்கும், ஐந்தாவது சாவில் லோட் பட்டன்தான் ஞாபகம் வரும். சாவை மலிவாக்கினால் பயமும் மலிவாகிவிடும் என்பதற்கு அதுவே எனக்குப் பாடமாக இருந்தது.

நான் உங்களுக்கு அதிகம் சிபாரிசு செய்வது துருக்கியின் ஜோட்ரோப் இன்டராக்டிவ் 2007இல் செய்த 'டார்க்னெஸ் வித்தின்'. அதில் நீங்கள் ஹவர்ட் லொரீட் என்ற துப்பறிவாளர். கிடைக்கிற கடிதங்களையும் குறிப்புகளையும் படித்து, முக்கியமான வரியின் கீழ் கோடு இழுக்க வேண்டும், சரியான வரியாக இருந்தால் ஒரு எண்ணம் உங்களுக்குக் கிடைக்கும், எண்ணத்தோடு எண்ணத்தைச் சேர்த்து மேலே போக வேண்டும். ஆடியவர்கள் இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் கேம் நினைக்கிற அதே வரியில் நான் கோடு போடவில்லை என்பதற்காக நிறுத்திவைக்கிறார்களே என்று ஒரு பக்கம். அந்த எரிச்சலை நானும் பட்டிருக்கிறேன், ஒரே பக்கத்தை ஏழெட்டு தடவை படித்திருக்கிறேன். ஆனால் ஏழாவது தடவை படிக்கும்போது, ஒரு பைத்தியத்தின் எழுத்தில் அர்த்தம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லி, பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பது நானேதான் என்று தோன்றியது பாருங்கள், அது வேறு எந்தக் கேமும் எனக்குக் கொடுக்காத ஒரு நடுக்கம். குறை எதுவோ அதுவே பலமாகவும் இருந்தது, இப்படி எல்லாக் கேமிலும் நடப்பதில்லை.

ஆக, எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு என் பதில், பார்த்துப் பயப்படுவதில்லை, செய்துவிட்டுப் பயப்படுகிறார்கள். திரையில் எத்தனை கைகால் முளைத்த ஜந்து வந்தாலும் இரண்டாவது தடவை அது வெறும் படம். என் கை எங்கே கூட்டு சேர்ந்தது என்பதுதான் தங்குகிறது.

இரண்டாவது சீசன். வாங்கலாம், ஆனால் இது தெரிந்து வாங்குங்கள். டெவிட்டைத் தேடிப் போகும் மனநல மருத்துவர் ஜான் வேக்ஃபீல்டாக ஆடுவீர்கள். வரைபடத்தில் இடம் தேர்ந்தெடுத்துப் போகிறீர்கள், உலகம் பெரிது, புதிர்களும் முந்தையதைவிட நன்றாகக் கட்டப்பட்டவை, அதனால் உங்களுக்கு இதுவே அதிகம் பிடிக்கவும் கூடும். முடிவில்தான் ஆடியவர்களிடையே பெரிய பிளவு, விளக்கம் போதவில்லை என்று சிலர், விளக்கியதே அதிகம் என்று சிலர். நான் இரண்டாவது கட்சி. நம் உலகத்தை மறைத்திருப்பதாகக் கதை சொல்லும் திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டு அத்தியாயமாக ஏங்க வைத்துவிட்டு அங்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம், இதில் நண்பர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். அதற்குள் போவதற்கு முன் முதல் சீசனின் இரண்டாவது அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை ஆடுங்கள். ஹெட்போனோடு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வாக்த்ரூ இல்லாமல். ஒரு மணி நேரம்தான் ஆகும். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்.